பட்டியலில் நான் சேர்க்காத ஐந்தாவது தாள்

மகனே, நலம் விசாரித்து இந்தக் கடிதத்தைத் தொடங்கப்போவதில்லை. நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும். போன மாதத்து ரத்தப் பரிசோதனை முடிவை அப்பாவின் கைப்பேசியில் பார்த்தேன். கல்லீரல் எண்கள், சிறுநீரக எண்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. இருபத்துநான்கு வருடங்களாக அந்தத் தாள் முதலில் என் கைக்குத்தான் வரும். இந்த முறை நீ அதை அப்பாவுக்கு அனுப்பியிருந்தாய். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் திறந்தேன்.

போன வாரம் நீ எனக்கு அனுப்பிய செய்தியில் இரண்டே வரிகள். "அம்மா, உனக்கு நிவேதாவைப் பிடிக்கலையா? ஏன் ஒரு தடவகூட வீட்டுக்கு வரமாட்டேங்கற?" கல்லூரி ஆய்வகத்தில் மாணவிகள் பியூரெட் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது அதைப் படித்தேன். "அப்படியெல்லாம் இல்லப்பா, பரீட்சை நேரம்" என்று பதில் போட்டேன். சிட்லபாக்கத்து நம் வீட்டிலிருந்து பீர்க்கன்கரணையில் உங்கள் வீட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பரீட்சை முடிந்தும் நான் வரவில்லை. அதனால் இப்போது உண்மையான பதிலை எழுதுகிறேன். உன் மனைவியை எனக்குப் பிடிக்காமல் இல்லை. அவள்மேல் எனக்குப் பொறாமை. இந்த ஒரு சொல்லை எழுத மூன்று நாள் ஆயிற்று. இந்த உறையில் கடிதத்தோடு ஒரு தனித்தாளும் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் நான் நிவேதாவுக்கு எழுதிக்கொடுத்த உணவுப் பட்டியலின் ஐந்தாவது தாள் அது. அவளிடம் நான்கு தாள்தான் கொடுத்தேன். ஐந்தாவது மறந்துபோகவில்லை, நானே எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதை நீ என் வாயால் முழுசாகக் கேட்டதில்லை. பழத்திலும் தேனிலும் இருக்கும் ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்க வேண்டிய நொதி உன் கல்லீரலில் வேலை செய்வதில்லை. கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் பாதி அதுதான். உள்ளே போனால் பாதி உடைந்த நிலையில் தேங்கி நின்று கல்லீரலைக் கெடுக்கும், ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸையும் கீழே இறக்கிவிடும். இதற்கென்று மாத்திரை கிடையாது. சாப்பிடாமல் இருப்பதுதான் வைத்தியம், அதுவும் ஆயுள் முழுக்க. இந்தக் கோளாறு வர இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு மரபணுப் பிழை வந்து சேர வேண்டும். அப்பா ஒன்று கொடுத்தார், நான் ஒன்று கொடுத்தேன். நான் என் அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள். வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவளுக்கு இது தெரியாதா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டேன், பல வருடங்கள்.

உனக்கு ஆறு மாதம் முடிந்ததும் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். மசித்த வாழைப்பழம், வெல்லம் போட்ட கேழ்வரகுக் கூழ், வேகவைத்த ஆப்பிள். அதுவரை தாய்ப்பாலில் கொழுகொழுவென்று இருந்தவன் நீ. வாழைப்பழக் கிண்ணத்தைப் பார்த்தாலே வாயை இறுக மூடிக்கொண்டாய். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவாய். மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பிடித்தேன். நீ வாய் திறந்து மூச்சு வாங்கும்போது கரண்டியை உள்ளே விட்டேன். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுப்பாய், பிறகு வியர்த்து வெளுத்துத் துவண்டு தூங்குவாய். பிள்ளைக்குப் பலமில்லை என்று நினைத்து இன்னும் ஒரு கரண்டி வெல்லம் சேர்த்தேன். அச்சடித்த தாளை நம்பினேன், மூடிய வாயை நம்பவில்லை. இந்த ஒன்றுக்காக நீ என்றாவது என்மேல் கோபப்பட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். நீ கோபப்பட்டதே இல்லை. உனக்கு அது ஞாபகம் இல்லை என்பதால்தான்.

எட்டாவது மாதம் உன் கண் மஞ்சளாகி வயிறு உப்பியபோது நகரத்துக்குள் இருந்த பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு பெண் மருத்துவர் என்னிடம், "எப்பலேர்ந்தும்மா இப்படி?" என்று கேட்டார். நான் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தேன். நீ என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு, என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு நாளும் கோடு போட்டு எழுதியிருந்தேன். பெருமையாகத்தான் நீட்டினேன். அவர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். வாழைப்பழம், அதற்கு எதிரே வாந்தி. கூழ், வாந்தி. தேன், வாந்தி. சளி மருந்து, வாந்தி. வெறும் சாதமும் பாலும் கொடுத்த நாட்களில் எதிர்க் கட்டம் காலியாக இருந்தது. "உங்க நோட்டுலயே பதில் இருக்கேம்மா. எழுதுனதத் திரும்பப் படிக்கலயா?" என்றார். மாணவிகளுக்கு நான் தினமும் சொல்கிற விஷயம் அது. எண்களை எழுதினால் போதாது, படிக்க வேண்டும். பழமும் சர்க்கரையும் நிறுத்திய பத்தே நாளில் நீ சிரித்தாய். மரபணுப் பரிசோதனையெல்லாம் பல வருடம் கழித்து வந்தது. எனக்கு அந்த சிவப்பு வட்டங்களே போதுமாக இருந்தன.

அன்றிலிருந்து நம் வீட்டில் சர்க்கரை கிடையாது. வெங்காயம், தக்காளி, கேரட், பூசணி, புளி எதுவும் அடுப்படிக்குள் வரவில்லை. நமக்குத் தனி, பிள்ளைக்குத் தனி என்று இரண்டு சமையல் செய்திருக்கலாம். எனக்கு என் கையின் மேலேயே நம்பிக்கை இல்லை. ஒரே கரண்டியை மாற்றிப் போட்டுவிடுவேனோ என்று பயந்தேன். அதனால் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. அப்பாவும் அதையே சாப்பிட்டார். ஆனால் வேலை முடிந்து ரயிலை விட்டு இறங்கியதும் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஒரு டீக்கடையில் நின்று, இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு டீ குடித்துவிட்டுத்தான் வருவார். அவர் மீசையில் அந்த வாசனை இருக்கும். ஒரு நாள், "எனக்கும் ஒண்ணு பார்சல் வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?" என்று கேட்டேன். "வீட்டுக்குள்ள எப்படிடி கொண்டாறது? நீதானே கோடு போட்டு வச்சிருக்க" என்றார். கோடு போட்டது நான்தான். ஆனால் அதற்கு வெளியே நின்று ஒரு டீ குடித்துவிட்டு உள்ளே வர அவரால் முடிந்தது. பொறாமை என்பது எனக்கு நிவேதாவோடு வந்ததல்ல. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களைப் பார்த்தும் அதேதான். பிறந்தநாள் என்றால் ஒரு டப்பா சாக்லேட் வாங்கி அனுப்பிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நான் டீச்சரிடம் போய், உனக்கு என்ன தரக்கூடாது என்று ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சொல்ல வேண்டும். "ஒரே ஒரு டாஃபிதானே மேடம்" என்பார்கள். "பனவெல்லம் குடுங்க, அது இயற்கை, ஒண்ணும் பண்ணாது" என்பார் எதிர்வீட்டு அம்மா. நீயோ எனக்கு முன்பே சமாளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாய். மூன்றாம் வகுப்பில் உன் பை நிறைய ரப்பரும் பென்சிலும் இருந்தன. திருடுகிறாயோ என்று பயந்து கேட்டேன். "டாஃபி குடுத்து மாத்திக்கிட்டேம்மா. ரெண்டு டாஃபிக்கு ஒரு ரப்பர்" என்றாய். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நீ வளர்ந்த பிறகு ஒரு பல் மருத்துவர் உன் வாயைப் பார்த்துவிட்டு, "என்ன பேஸ்ட் யூஸ் பண்றீங்க? ஒரு சொத்தை இல்லையே" என்று கேட்டபோது நான் சிரிக்கவில்லை. அந்தப் பல்வரிசை நம் அடுப்படியில் நடந்த இருபது வருடப் போரின் பலன். அதை வேறு யாராவது ரசித்தால்கூட எனக்குப் பிடிக்காது.

ஒரு சர்க்கரை மட்டும் உனக்கு ஆகும், குளுக்கோஸ். வாசனை எதுவும் சேர்க்காத வெள்ளைப் பொட்டலம் எப்போதும் அலமாரியில் இருந்தது. ஆனால் காய்ச்சல் வந்து நீ சாப்பிடாமல் கிடக்கும்போது மட்டும் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பேன். குளுக்கோஸ் என்றால் உனக்கு நோயின் ருசி. அதை வைத்து ஓர் இனிப்பு செய்து தர நான் என்றுமே முயலவில்லை. காரணம் கேட்டால் சொல்வேன்: இனிப்பைக் கண்டால் உனக்கு இயல்பாகவே ஒரு அருவருப்பு, அது உன் காவல், அந்தக் காவலை நான் ஏன் கலைக்க வேண்டும் என்று. அது நல்ல காரணம்தான், இப்போதும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் உண்மையைச் சொல்வதென்று உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அது தோன்றவே இல்லை. உன் சாப்பாட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எதை எடுக்கலாம் என்றுதான் யோசித்தேன். எதைச் சேர்க்கலாம் என்று யோசித்ததில்லை.

நீ வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் தினமும் ஒரு மணி சுமாருக்கு உன் அழைப்பு வரும். "அம்மா, கேன்டீன்ல காளிஃப்ளவர் வறுவல் போட்ருக்கான், சாப்பிடலாமா?" "மேல சாஸ் ஊத்தியிருக்கானா பாரு." "ஊத்தியிருக்கான்." "வேணாம்." அவ்வளவுதான் பேச்சு. வகுப்பு நடுவில் இருந்தால்கூட வெளியே வந்து எடுப்பேன். சக ஆசிரியைகள் சிரிப்பார்கள். இருபத்துநான்கு வயதுப் பிள்ளைக்கு இது எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று உன் உணவியல் ஆலோசகர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். அந்தப் பெண்மேலும் எனக்குப் பொறாமை, ஏனென்றால் அவர் சொன்னால் நீ தலையாட்டுவாய். அவர் சொன்னதை நான் செய்யவில்லை. உனக்கு விதியைச் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் அந்த ஒரு மணி அழைப்பு நின்றுவிடும். உன்னை வளர்த்ததில் நான் செய்த இரண்டாவது தவறு இது. முதலாவது அறியாமல் செய்தது, இது தெரிந்தே செய்தது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு நிவேதா அஸ்தினாபுரத்திலிருந்து தன் ஸ்கூட்டியில் தனியாக வந்தாள். நீ அலுவலகத்தில் இருந்தாய், அதனால் இது உனக்கு முழுசாகத் தெரியாது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "ஆன்ட்டி, உங்க பையன் எதக் கேட்டாலும் அம்மாகிட்ட கேக்கணும்ங்கறாரு. எதுக்கு நடுவுல ஒரு ஆளுன்னு நேரா உங்ககிட்டயே வந்துட்டேன்" என்றாள். சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிக்கிற வேலை அவளுக்கு. அந்தப் புத்தி கேள்வியில் தெரிந்தது.

"பூசணி ஏன் ஆகாது?" என்றாள்.

"ஆகாதும்மா, அவ்வளவுதான்."

"இல்ல ஆன்ட்டி, ஏன்னு தெரிஞ்சா லிஸ்ட்ல இல்லாத காய்க்கும் நானே சொல்லிடுவேன்ல?"

வேறு யார் கேட்டிருந்தாலும் அந்தக் கேள்விக்கு மதிப்பெண் போட்டிருப்பேன். அவள் கேட்டதால் எரிச்சலாக வந்தது. ஆனாலும் ஆசிரியை புத்தி போகுமா? இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சொன்னேன். எந்தச் சர்க்கரை எதோடு சேர்ந்திருக்கும், பொட்டலத்தின் முன்பக்கப் பெயரில் ஏன் ஏமாறக்கூடாது, பின்பக்கத்தில் என்ன தேட வேண்டும் என்று. உனக்கு நான் ஒருநாளும் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன். அவள் ஒரு முறை கேட்டுப் பிடித்துக்கொண்டாள். எழுந்து போகும்போது, "அந்த ரசம் மட்டும் சொல்லுங்க ஆன்ட்டி. புளி இல்ல, தக்காளி இல்ல, புளிப்பு எங்கேர்ந்து வருது? இவரு நாளைக்கு நாலு தடவ அதையே சொல்றாரு" என்றாள். "அது ஒண்ணுமில்லம்மா, கைப்பழக்கம்" என்றேன். பிறகு எழுதி வைத்திருந்த ஐந்து தாளில் நான்கை உறையில் போட்டுக் கொடுத்தேன். ஐந்தாவதில் மருந்துகள் இருந்தன. எந்த வடிவ மாத்திரை, எந்த சிரப்பு கூடாது, மருத்துவமனையில் சேர்த்தால் முதலில் என்ன சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமான தாள். இது ஒன்றுக்காவது என்னிடம் வரட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், வேறு அழகான வார்த்தை எதுவும் இல்லை.

தாலி கட்டி முடிந்ததும் மணமக்களுக்குப் பால் பழம் கொடுக்கும் சடங்கைப் பற்றி எனக்கு ஒரு மாதமாகவே கவலை. வரிசையாகப் பெண்கள் வந்து ஆளுக்கு ஒரு கரண்டி ஊட்டுவார்கள், யார் கையை எந்த நேரத்தில் தடுப்பது? அதனால் சர்க்கரை போடாத பாலை ஒரு டம்ளரில் வைத்துக்கொண்டு உன் பின்னாலேயே நின்றேன். பால் பழக் கிண்ணம் வரும்போது சட்டென்று மாற்றிவிடுவதாகத் திட்டம். கிண்ணம் வந்தது. அதில் பாலும், வாழைப்பழ வில்லைகளைப் போல வட்ட வட்டமாக ஏதோ துண்டுகளும் இருந்தன. நிவேதாவின் பெரியம்மா கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்தார்.

"இன்னாடி இது? பால் கீது, பழம் எங்க? பழம் இல்லாத பால் பழத்த எந்த வூட்டு கல்யாணத்துலயும் நான் பாத்ததில்ல."

"அதான் பெரிம்மா பழம். கலர் மட்டும்தான் கம்மி, மாப்ள மாதிரி. ஊட்டு" என்றாள் நிவேதா மணமேடையிலிருந்தபடியே.

பாலைச் சுண்டக் காய்ச்சி, குளுக்கோஸ் சேர்த்துக் கிளறி, ஆறவைத்து வட்டமாக வெட்டியிருக்கிறாள். முதல் நாளே அவளே செய்து எடுத்து வந்தது. நீ ஒரு வில்லையை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாய். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, இது குளுக்கோஸாம்மா. காய்ச்சல் ஞாபகமே வரல" என்றாய். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நிவேதா ஒரு வில்லையை என் பக்கம் நீட்டினாள். எனக்கு வேண்டாம், சர்க்கரை சாப்பிட்டுப் பழக்கமில்லை என்றேன். என் கையிலிருந்த டம்ளரில் பால் ஆறி ஏடு கட்டியிருந்தது. பந்திக்குப் போகும் வழியில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அதை நானே குடித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மணி அழைப்பு வரவில்லை. முதல் வாரம் கைப்பேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன், அடுத்த வாரம் பைக்குள் போட்டுவிட்டேன். நீ தனி வீடு போன மூன்றாம் நாள் அப்பா கால் கிலோ சர்க்கரை வாங்கி வந்து அலமாரியில் வைத்தார். "இனிமே வீட்லயே டீ போட்டுக்கலாம்ல" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் பேரில் தப்பில்லை. ஆனால் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தபோது, உன் அறையைக் காலி செய்தபோதுகூட வராத அழுகை வந்தது. அது இன்னும் பிரிக்காமல் அங்கேயே இருக்கிறது. அவர் இன்னமும் டீக்கடைக்குத்தான் போகிறார்.

இப்போது ஐந்தாவது தாளுக்கு வருகிறேன். போன மாதம் உனக்கு இருமலும் காய்ச்சலும் வந்தது ஞாபகம் இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, டாக்டரிடம் போவதாக நீ அப்பாவிடம் சொல்லியிருந்தாய், அப்பா என்னிடம் சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனார். பதினோரு மணிக்கு நான் அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஃப்ரிட்ஜின் மேலிருந்த கைப்பேசி அடித்தது. நிவேதா. எதைப் பற்றி என்று எனக்குத் தெரியும். மருந்தைப் பற்றித்தான் இருக்கும். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன், கைப்பேசி வரைக்கும் போனேன், எடுக்கவில்லை. அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. அவளுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது, அது கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. திரும்பி வந்து உட்கார்ந்து மிச்சக் கீரையை ஆய்ந்தேன். ஒரு கட்டு முழுக்க. அதற்கு நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். நறுக்கப்போனபோதுதான், மருந்துக்கடையில் சாதாரணமாகச் சொல்லும் 'சுகர் ஃப்ரீ' என்ற வார்த்தை நினைவுக்கு வந்தது. சர்க்கரை இல்லாத சிரப்புகளில் இனிப்புக்காக சார்பிட்டால் சேர்ப்பதுண்டு. அது உடம்புக்குள் போய் ஃப்ரக்டோஸாக மாறும். உனக்குச் சர்க்கரை போட்டதும் ஆகாது, போடாததும் ஆகாது என்பது அந்த ஐந்தாவது தாளின் முதல் வரி. கத்தியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. ஓடிப்போய் அவள் எண்ணை அழுத்தினேன்.

மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"ஒண்ணுமில்ல அத்தை, இருமலுக்கு சிரப்பு எழுதியிருந்தாங்க. கடைக்காரரு, 'சக்கர இல்லாததும்மா, தைரியமா குடு'ன்னாரு. அதக் கேக்கத்தான் போன் பண்ணேன்."

"குடுத்தியா?"

"உங்க பையன் மூடியில ஊத்தி வாய்கிட்ட கொண்டு போயிட்டாரு. இருன்னு கத்திப் புடுங்கினேன். பின்னாடி படிச்சா சார்பிட்டால். அது உள்ள போய் அதாவே மாறும்ல? டாக்டருக்குப் போன் பண்ணி மாத்திரையா மாத்தியாச்சு. இப்ப ஐயா தூங்குறாரு."

"உனக்குக் குடுத்த தாள்ல சார்பிட்டால் பத்தி நான் எழுதலியே."

"எழுதல. ஆனா முன்பக்கத்துப் பேர நம்பாத, பின்பக்கத்தப் படின்னு அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க. படிச்சேன், புரியாததத் தேடிப் பாத்தேன்." பிறகு, "நீங்க க்ளாஸ்ல இருந்திருப்பீங்க, அதான் எடுக்கல. பரவால்ல அத்தை. சாப்ட்டீங்களா?" என்றாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கும் விடுமுறை, எனக்கும் விடுமுறை. நான் வீட்டில்தான் இருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். நீ என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து, நான் போன் எடுக்காததை அவள் உன்னிடம் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அவள் பாட்டிலைப் பிடுங்கினேன் என்று சொன்னபோது, எனக்கு நிம்மதி வந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு நொடி, நான் இல்லாமலும் இது நடந்துவிட்டதே என்று இருந்தது. உன் உயிரைக் காப்பாற்றியவள் மேல் அந்த ஒரு நொடி எனக்கு ஏற்பட்டதை என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால்தான் பீர்க்கன்கரணைக்கு வரவில்லை. அவள் கதவைத் திறந்து "வாங்க அத்தை" என்று சொல்லும்போது நான் எந்த முகத்தோடு உள்ளே வருவது?

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. அந்த மூடியை வாய் வரைக்கும் கொண்டுபோனது நீ. இருபத்தைந்து வயது, இன்ஜினியர், உன் உடம்பு. சிறுவயதில் நான் படித்தேன், இப்போது நிவேதா படிக்கிறாள், நீ இதுவரை ஒரு லேபிளையும் திருப்பிப் பார்த்ததில்லை. எதையும் வாயில் வைத்தாலே நாக்கு சொல்லிவிடும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் நாக்கு இப்போது கல்யாணமான நாக்கு, வாரம் ஒரு முறை இனிப்பு கேட்கிறது என்று அப்பா சொன்னார். அது இனி பழையபடி காவல் காக்காது. நான் அன்றே பயந்தது இதற்குத்தான், ஆனாலும் இனிப்பை நிறுத்து என்று சொல்லப்போவதில்லை. கண்ணைத் திற என்றுதான் சொல்கிறேன். ஒரு பெண்ணின் கையிலிருந்து இன்னொரு பெண்ணின் கைக்கு உன் சாப்பாட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு நடுவில் நீ சும்மா உட்கார்ந்திருந்தால், நாங்கள் இரண்டு பேரும் அதற்காக இழுத்துக்கொண்டுதான் இருப்போம். நீ ஆபீஸ் வேலையாக வெளியூர் போவாய், அவளுக்கு உடம்பு முடியாமல் போகும், எனக்கு வயதாகும். அப்போது மருந்துக்கடையில் தனியாக நிற்கப்போகிறவன் நீதான்.

அதனால் ஐந்தாவது தாளை உன் பெயருக்கே அனுப்புகிறேன். திரவ மருந்து எதுவானாலும் உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்று தெரியாமல் குடிக்காதே. பழ வாசனை வைட்டமின் சி மாத்திரை வேண்டாம், விழுங்குகிற வெறும் மாத்திரைதான். உனக்குப் பழமே கிடையாது என்பதால் அதை ஒருநாளும் விடாதே. மயக்கமானால் உன்னைத் தூக்கிப்போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும், அதற்கு உன் பர்ஸில் ஓர் அட்டை. குளுக்கோஸ் ஏற்றலாம், ஃப்ரக்டோஸோ சார்பிட்டாலோ கலந்த எதையும் ஏற்றக்கூடாது என்று அதில் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருக்கிறேன். மற்றதெல்லாம் தாளில் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் என்ற காரணத்தோடு. நேற்று முழுக்க உட்கார்ந்து காரணங்களைச் சேர்த்தேன். மனப்பாடம் செய்யாதே, புரிந்துகொள். உன் மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள், நான் எழுதியது என்பதற்காக நம்பாதே. நீ படித்த பிறகு ஒரு நகலை நிவேதாவுக்குக் கொடு. இந்தக் கடிதத்தையும் அவள் படிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை என்று எனக்கும் தெரியும் என்பதை அவள் தெரிந்துகொள்ளட்டும்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. இந்தத் தாளை உறையில் போடும்போதும் இருந்தது. ஆனால் உன் உயிரோடு சம்பந்தப்பட்டது எதுவும் இனி என்னிடம் ஒளிந்திருக்காது. உறையை இருமுறை சரிபார்த்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சாப்பிட வாருங்கள். அவளை அந்தப் பால் வில்லை நாலு செய்து எடுத்து வரச் சொல். அப்பா டீக்குத் தொட்டுக்கொள்வார், எனக்கும் ஒன்று வேண்டும். நான் ரசம் வைக்கிறேன். அந்த ரசம் எந்தத் தாளிலும் இல்லை, தெரியாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. புளிப்பு எங்கிருந்து வருகிறது என்று அவள் மறுபடியும் கேட்பாள். கேட்கட்டும். அதை மட்டும் சொல்லமாட்டேன். ரசம் வேண்டும் என்றால் நீங்கள் இங்கேதான் வர வேண்டும்.

அம்மா